பறவைகளைக் காத்த 'ஊர்' எது?

தீபாவளி வந்தால் எங்கள் சிவகங்கை மாவட்டத்திலிருந்து ஒரு செய்தி தவறாமல் பத்திரிகையில் வரும். திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகப் பட்டாசு வெடிப்பதில்லை. வனத்துறையினர் நேரில் வந்து இனிப்பு கொடுத்துப் பாராட்டினார்கள் என்று. 1977இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட மூன்று கண்மாய்கள் அங்கே இருக்கின்றன. வேட்டங்குடி, பெரிய கொள்ளுக்குடி, சின்னக் கொள்ளுக்குடி என மூன்றும் சேர்த்து 38.4 ஹெக்டேர். நத்தைகுத்தி நாரை, சாம்பல் நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் எல்லாம் அங்கே வருகின்றன.

பிள்ளைகள் ஒரு மத்தாப்புக்கு அழும் நாளில் ஓர் ஊரே அமைதியாக இருப்பது சாதாரண விஷயமல்ல. அந்த மக்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தச் செய்தியில் வரும் 'ஊர் மக்கள்' என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. தமிழ்நாட்டில் ஊர் என்று ஒன்று இருந்தால், அதற்கு வெளியே சேரி என்று இன்னொன்று இருக்கிறது. அரசு பொது நீர்நிலையைக் காத்தவர்களைக் கௌரவிக்கும்போது, அந்த மரியாதை எந்தத் தெருவரை போகிறது?

இந்தக் கேள்விக்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. பறவை காத்த ஊருக்கு அரசு அங்கீகாரம் கொடுத்ததில் மிகப் பழையதாக நாம் அறிந்தது வேடந்தாங்கல். கம்பெனி சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டார்கள். ஊரார் முறையிட்டார்கள். 1798இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஒப்புக்கொண்டு அவர்களுக்குக் கவுல் எழுதிக் கொடுத்தார். ஊராரின் அக்கறையில் பயனும் இருந்தது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். அந்தக் கவுல் 1858இல் புதுப்பிக்கப்பட்டது. சூழலியல் எழுத்துகளில் பெருமையோடு சொல்லப்படும் கதை இது. பெருமைப்பட வேண்டியதும்தான்.

ஆனால் அதே 1858இல் சென்னை மாகாணத்துக்காக இன்னொரு காகிதமும் எழுதப்பட்டது. அதுதான் கட்டாய உழைப்புச் சட்டம். ஏரிக்கரை உடையும் ஆபத்து வந்தால், சுற்றுவட்டாரத்தில் உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த உடல் திடமுள்ள ஆண்களை வேலைக்கு அழைக்கலாம். வர மறுத்தால் தண்டிக்கலாம். குடிமராமத்து என்று இன்று நாம் இனிமையாகப் பேசும் வழக்கத்தையும் அந்தச் சட்டம் கட்டாயமாக்கியது. ஏரியில் பறவை தங்க வேண்டுமென்றால் ஏரியில் தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் நிற்க வேண்டுமென்றால் யாராவது கரையில் மண் போட வேண்டும். மண் சுமந்தவனுக்குக் கிடைத்தது கவுல் அல்ல, கட்டாயம்.

அப்படியானால் 1798இன் 'ஊரார்' யார்? அன்றைய செங்கல்பட்டில் அரசோடு பேசும் ஊர் என்பது மிராசுதாரர்களின் ஊர். இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. அதே மாவட்டத்தில் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையைப் பாருங்கள். குடிசை நிற்கும் மண்கூட மிராசுதாரருக்குச் சொந்தம் என்ற நிலையை அவர் பதிவு செய்தார். அதையடுத்து 1892இல் வந்த அரசாணையில் பிறந்ததுதான் பஞ்சமி நிலம். பறவைக்கு ஏரியில் இருக்கும் உரிமை எழுத்தில் வந்து 94 ஆண்டுகள் கழித்துத்தான், சேரி மனிதனுக்கு நிலம் என்பது எழுத்தில் வந்தது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். சிவகங்கை அப்போது ராமநாதபுரம் ஜில்லாவுக்குள் இருந்தது. 1930 டிசம்பரில் அந்த ஜில்லாவின் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளையும், 1931 ஜூனில் மேலும் பதினொன்றையும் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் இதைத் தன் நூலில் எழுதி வைத்திருக்கிறார். நகை போடாதே, முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தாதே, பிள்ளையைப் படிக்க வைக்காதே என்ற வரிசையில் தண்ணீரும் வருகிறது. தங்கள் மானிய நிலத்தை மிராசுதாரருக்கு அற்ப விலைக்கு விற்றுவிட வேண்டும். விற்காவிட்டால் பாசனத் தண்ணீர் கிடையாது. மழையை நம்பி விளைந்தாலும் அறுவடை நேரத்தில் கொள்ளை போகும். மகாட் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தது 1927 மார்ச்சில். அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து இங்கே இருந்த நிலை இது.

இத்தனைக்கும் இந்த வட்டாரத்தின் பல ஊர்களில் மடை திறந்து, தண்ணீர் பங்கிட்டு, வெள்ளம் வந்த ராத்திரியில் கரையில் படுத்துக் கிடந்த மடைக்குடும்பன், நீர்பாய்ச்சி, தோட்டி எல்லாம் நம் ஆட்கள். கண்மாயின் மூச்சு தெரிந்தவர்கள் அவர்கள். கண்மாய் யாருடையது என்ற கணக்கில் மட்டும் அவர்கள் இல்லை.

இது மாறவே மாறாதா? ஓர் உதாரணம் இருக்கிறது, அதுவும் செங்கல்பட்டிலிருந்தே. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பாம்புத்தோல் வியாபாரம் நின்றது. இருளர் பழங்குடியினர் பிழைப்பு இழந்தார்கள். 1978இல் ரோமுலஸ் விட்டேகர் துணையோடு இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, உயிரோடு காட்டில் விடுகிறார்கள். பாம்புக்கடிக்கு நாம் போட்டுக்கொள்ளும் மருந்துக்கு அந்த விஷம்தான் மூலப்பொருள். விட்டேகருக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களுக்கு அது கிடைக்க 2023 ஆனது. விட்டேகர் தகுதியற்றவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் சங்கம் பிறந்து 45 ஆண்டுகளுக்குப் பிறகுதான், கையில் பாம்பைப் பிடித்தவரின் பெயர் குடியரசுத் தலைவர் மாளிகையில் வாசிக்கப்பட்டது. தாமதம்தான், ஆனாலும் 'பழங்குடி மக்கள்' என்று பொத்தாம் பொதுவாக இல்லாமல் பெயர் சொல்லி அழைத்தார்கள். அதுதான் முக்கியம்.

2002 பல்லுயிர்ச் சட்டம் ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. 2004இல் வந்த விதிகள் அந்தக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்களும், குறைந்தது 18 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடியினரும் இருக்க வேண்டும் என்றன. உங்கள் ஊராட்சியில் அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். குழுவின் கூட்டம் எந்தத் தெருவில் நடக்கிறது, கண்மாய் மீன் ஏலத்தில் சேரிக்குப் பங்கு உண்டா என்பதையும் கேளுங்கள்.

விருது கொடுப்பவர்களிடம் நாம் கேட்பது அதிகமில்லை. 'ஊர் மக்கள்' என்று எழுதும் முன், கரையில் வேலை செய்தவர்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதுங்கள். பாராட்டு விழாவைச் சேரிக்குள்ளும் நடத்துங்கள். பணமுடிப்பு இருந்தால் அதைச் செலவிடும் முடிவில் அவர்களையும் உட்கார வையுங்கள். நாரை கூடு கட்டும்போது கரையில் இருப்பது ஊரா சேரியா என்று பார்ப்பதில்லை. பார்ப்பது நாம்தான், நிறுத்த வேண்டியதும் நாம்தான்.

ஜெய்பீம்.