காரில் இரண்டு மூன்று ஆம்ப்ளிஃபையர் இருந்தால் ஃபியூஸ் எங்கே இருக்க வேண்டும்?

மாலை நேரம், ஜொகூர் பாலத்தில் கார்கள் வரிசையாக நகராமல் நிற்கின்றன. சிங்கப்பூரில் வேலை முடிந்து காரில் திரும்பும் பலருக்கு அப்போது துணை பாட்டுதான். காரோடு வந்த ஸ்பீக்கர் சத்தம் போதவில்லை என்று முதலில் ஒரு ஆம்ப்ளிஃபையர் வைப்பார்கள். பிறகு பாஸுக்காக சப்வூஃபரும் அதற்குத் தனியாக இன்னொரு ஆம்ப்பும் வரும்.

ஆம்ப் கூடும்போது சத்தத்தோடு சேர்ந்து வயரில் ஓடும் மின்சாரமும் கூடும். வயரும் ஃபியூஸும் அதற்கு ஏற்றபடி மாறவில்லை என்றால், சீட்டுக்கும் கார்ப்பெட்டுக்கும் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் தீ பிடிக்கலாம்.

ஃபியூஸ் யாரைக் காப்பாற்றுகிறது?

"ஃபியூஸ் ஆம்ப்பைக் காப்பாத்தத்தானே?" என்று பலர் நினைக்கிறார்கள். ஆம்ப்பின் உடலிலேயே இருக்கும் சின்ன ஃபியூஸ்தான் அந்த வேலையைச் செய்கிறது. பேட்டரி பக்கம் வைக்கும் மெயின் ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற.

பேட்டரி முன்னால் எஞ்சின் அறையில் இருக்கிறது, ஆம்ப் பின்னால் பூட்டில் இருக்கிறது. நடுவில் சுமார் 5 மீட்டர் வயர் ஓடுகிறது. வழியில் எங்காவது வயரின் தோல் உரிந்து காரின் இரும்பில் பட்டால் பேட்டரி ஒரே நேரத்தில் பல நூறு ஆம்பியரைக் கொட்டும். அந்த மின்சாரம் ஆம்ப் வரை போகவே போகாது. அதனால் ஆம்ப்பில் இருக்கும் ஃபியூஸ் அங்கே உதவாது, வயர் பழுத்துச் சிவந்துவிடும்.

அதனால்தான் மெயின் ஃபியூஸை பேட்டரியிலிருந்து 18 அங்குலத்துக்குள், அதாவது சுமார் 45 சென்டிமீட்டருக்குள் வைக்கச் சொல்கிறார்கள். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் வயருக்குப் பாதுகாப்பே இல்லை. அந்தத் துண்டு எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பூட்டில் இரண்டாவது பேட்டரி வைத்திருந்தால் அதன் பக்கத்திலும் ஒரு ஃபியூஸ் வேண்டும்.

ஒரு மெயின் ஃபியூஸ் போதாதா?

ஒரு ஆம்ப் என்றால் பெரும்பாலும் போதும். பல ஆம்ப் என்றால் போதாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சப்வூஃபர் ஆம்ப்பில் 60 ஆம்பியர் ஃபியூஸ், நான்கு சேனல் ஆம்ப்பில் 40, இரண்டு சேனல் ஆம்ப்பில் 20 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 120 ஆம்பியர். முன்னாலிருந்து தடித்த 2 கேஜ் செம்பு வயர் இழுத்து, 125 ஆம்பியர் மெயின் ஃபியூஸ் வைக்கிறோம். பூட்டில் டிஸ்ட்ரிபியூஷன் பிளாக் அந்த வயரை மூன்று கிளையாகப் பிரிக்கிறது. 60 ஆம்பியர் கிளைக்கு 4 கேஜ், மற்ற இரண்டுக்கும் 8 கேஜ் வயர்.

இப்போது 8 கேஜ் கிளையில் கோளாறு வந்து 100 ஆம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள். 125 ஆம்பியர் ஃபியூஸுக்கு இது பெரிய விஷயமே இல்லை, அது சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். மெல்லிய வயரோ சூடாகிக்கொண்டே போகும்.

விதி இதுதான்: வயர் எங்கே மெலிகிறதோ அங்கே ஒரு ஃபியூஸ். ஃபியூஸ் வைத்த டிஸ்ட்ரிபியூஷன் பிளாக் வாங்கி, மூன்று கிளைக்கும் 60, 40, 20 என்று போட்டால் வேலை முடிந்தது.

வயர் தடிமன் ஏன் முக்கியம்?

கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிக்கும். 5 மீட்டர் சுத்தமான செம்பு வயரில் 100 ஆம்பியர் ஓடினால், 4 கேஜில் சுமார் 0.4 வோல்ட் இழப்பு. அதே அளவு மின்சாரம் 8 கேஜில் ஓடினால் சுமார் 1 வோல்ட் போய்விடும். 1 வோல்ட் பெருக்கல் 100 ஆம்பியர் என்றால் 100 வாட். அத்தனையும் கார்ப்பெட்டுக்கு அடியில் வெறும் சூடாகிறது.

விலை மலிவான செட்டுகளில் பெரும்பாலும் சி.சி.ஏ. வயர் இருக்கும். அது அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. ஒரே கேஜாக இருந்தாலும் செம்பு அளவுக்கு மின்சாரத்தைத் தாங்காது. அதைத்தான் போடுகிறீர்கள் என்றால் ஓரிரு அளவு தடித்ததாக எடுங்கள், ஃபியூஸையும் அந்த வயர் தாங்கும் அளவுக்குள் வையுங்கள்.

கிரவுண்ட், ரிமோட் வயர்?

கிரவுண்ட் வயர் பவர் வயருக்குச் சமமான தடிமனில், முடிந்த அளவு குட்டையாக இருக்க வேண்டும். பெயின்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் போல்ட் போட்டு இறுக்குங்கள். எல்லா ஆம்ப்பையும் ஒரே இடத்தில் கிரவுண்ட் செய்தால், எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் "ஊய்ங்" சத்தம் வரும் வாய்ப்பு குறையும்.

ஆம்ப்பை ஆன் செய்யும் ரிமோட் வயர் பிளேயரிலிருந்து வருகிறது. அது சின்ன மின்சாரத்தை மட்டும்தான் தாங்கும். மூன்று ஆம்ப், ஃபேன் எல்லாம் அதில் தொங்கினால் பிளேயர் கெட்டுப்போகலாம். நடுவில் ஒரு ரிலே வைப்பது நல்லது.

ஜாமில் நிற்கும்போது என்ன ஆகும்?

எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆல்டர்னேட்டர் முழு மின்சாரம் தராது. ஏர்கோனும் விளக்கும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி பேட்டரியிலிருந்து போகும். பாஸ் அடிக்கும்போதெல்லாம் விளக்கு மங்கினால், சத்தத்தைக் குறைக்கச் சொல்லி கார் உங்களிடம் கேட்கிறது என்று அர்த்தம்.

கடையில் என்ன கேட்பது?

காரைத் திரும்ப எடுக்கும் முன் இதைக் கேளுங்கள்: "அண்ணே, மெயின் ஃபியூஸ் எங்க வச்சிருக்கீங்க? ஒவ்வொரு ஆம்ப்புக்கும் தனி ஃபியூஸ் இருக்கா? எஞ்சின் அறைச் சுவரைத் தாண்டுற இடத்துல வயருக்கு ரப்பர் வளையம் போட்டீங்களா?" நீங்களே வேலை செய்வதாக இருந்தால், முதலில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிடுங்கள்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறதா? பெரிய ஃபியூஸ் போடுவதோ அலுமினியத் தாள் சுற்றுவதோ தீர்வு இல்லை. போன ஃபியூஸ் தன் வேலையைச் செய்திருக்கிறது. காரணத்தைத் தேடுங்கள்.

ஓட்டும்போது பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். எல்லாரும் இறங்கி தள்ளி நின்று, 999-க்கு அழையுங்கள். பாட்டுப் பெட்டியை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.