வெளிநாட்டு இளையோர் தொண்டு: வெர்துன் முதல் காரைக்கால் கரை வரை

வசதி படைத்த நாடுகளின் இளைஞர்கள் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ ஏழை நாடுகளில் தங்கி, ஊதியமின்றி அல்லது கைச்செலவுத் தொகை மட்டும் பெற்றுப் பணிசெய்வது வெளிநாட்டு இளையோர் தொண்டு எனப்படும். பாடம் நடத்துவது, மரம் நடுவது, வீடு கட்டுவது, மருத்துவமனையில் உதவுவது எனப் பணி பலவகை. இதற்கு நூறாண்டு கடந்த வரலாறு உண்டு. புதுச்சேரி முதல் காரைக்கால், நாகப்பட்டினம் வரையிலான கடற்கரைப் பகுதி, அந்த வரலாற்றின் நல்லதையும் அல்லாததையும் அருகிருந்து கண்டிருக்கிறது.

தொடக்கம்

முதல் உலகப் போர் ஓய்ந்த பிறகு, 1920இல், சுவிட்சர்லாந்துப் பொறியாளர் பியர் செரசோல் பல நாட்டவரைத் திரட்டிக்கொண்டு பிரான்சின் வெர்துன் போர்க்களத்தருகே சிதைந்துகிடந்த ஒரு கிராமத்தைக் கட்டியெழுப்பச் சென்றார். குழுவில் ஜெர்மானியரும் இருந்தனர். முன்னாள் எதிரியின் கை தங்கள் மண்ணில் பட வேண்டாம் என்ற எதிர்ப்பு கிளம்பியதால் வேலை பாதியில் நின்றது. ஆனால் 'சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல்' என்ற பன்னாட்டுத் தொண்டமைப்பு அந்த முயற்சியிலிருந்தே வளர்ந்தது.

1934 ஜனவரி 15 அன்று பீகாரை நிலநடுக்கம் உலுக்கியது. நிலமட்டம் மாறிப்போனதால் பழைய ஊர்கள் பலவற்றில் வெள்ளம் நின்றது. செரசோலும் தோழர்களும் அங்கு வந்து, ராஜேந்திர பிரசாத்தின் நிவாரணப் பணியோடு இணைந்து, 1937 வரை முசாபர்பூர் பகுதியில் மேட்டு நிலங்களில் புதிய குடியிருப்புகள் அமைத்தனர். அவற்றுள் ஒன்றுக்கு சாந்திபூர் என்று பெயர். எங்கே, எப்படிக் கட்டுவது என்பதை ஊர்மக்களோடு பேசி, அவர்களுடனேயே மண் சுமந்தார்கள். பின்னால் வந்த பல திட்டங்களில் இந்தப் பண்பு இல்லாமற்போனது.

அரசுகள் இறங்கிய காலம்

1958இல் பிரிட்டனில் அலெக் டிக்சன், மோரா டிக்சன் தம்பதியர் வி.எஸ்.ஓ. அமைப்பைத் தொடங்கினார்கள். பள்ளிப்படிப்பை முடித்த பதினெட்டு வயதினரை சரவாக் போன்ற இடங்களுக்கு அனுப்புவது முதல் திட்டமாக இருந்தது. 1961 மார்ச் 1 அன்று அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி 'பீஸ் கோர்' அமைப்பை நிறுவினார். ஜப்பான் 1965இல் தன் இளைஞர்களை அனுப்பத் தொடங்கியது. ஐக்கிய நாடுகள் அவை 1970இல் தனக்கென ஒரு தொண்டர் திட்டத்தை ஏற்படுத்தியது.

பீஸ் கோரின் முதல் குழு 1961 டிசம்பரில் பஞ்சாபுக்கு வந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவில் பணியாற்றினர். கோழிவளர்ப்பு, விவசாயம், கிணறு வெட்டுதல், பள்ளிக் கல்வி, ஊட்டச்சத்து ஆகியவை அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட துறைகள். சென்னை மாநிலத்துக்கு வந்தவர்கள் தமிழ் கற்றுக்கொண்டு இங்கேயே இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார்கள். பின்னாளில் அதிபரான ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன், 68 வயதில் செவிலியராகப் பம்பாயை அடுத்த விக்ரோலிக்கு வந்தவர்.

வந்தவர்களில் பலர் எந்தத் தொழிலிலும் பயிற்சி இல்லாத புதுப் பட்டதாரிகள். மூன்று தலைமுறையாக நாற்று நட்ட குடும்பத்துக்கு இருபத்திரண்டு வயது அமெரிக்கர் விவசாயம் சொல்லித்தர என்ன இருக்கிறது என்ற கேள்வி நியாயமாகவே எழுந்தது. 1971 வங்கதேசப் போரோடு இரு நாட்டு உறவு கசந்தது. 1976இல் இந்தியாவில் பீஸ் கோர் முடிவுக்கு வந்தது.

பிரெஞ்சுத் தொடர்பு

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்கால் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவின் நிர்வாகத்துக்கும், 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் கைமாறியது. விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஒப்பந்தம் இடமளித்தது. அப்படித் தேர்ந்த குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் காரைக்கால் பகுதியில் இருக்கிறார்கள்.

அதே 1962இல் பெல்ஜியத்திலிருந்து இளம்பெண்ணாகப் புதுச்சேரிக்கு வந்த மதலேன், அங்கு 'வொலோந்தாரியா' என்ற தொண்டமைப்பை உருவாக்கினார். உப்பளம் பகுதி ஏழைக் குடும்பங்களின் மருத்துவமும் குழந்தைகளின் கல்வியும் அதன் முதன்மைப் பணிகளாயின. வந்த ஊரிலேயே வாழ்வை அமைத்துக்கொண்டவர் அவர்.

பிரான்ஸ் 1963இல் ஆப்பிரிக்க நாடுகளுக்கு இளந்தொண்டர்களை அனுப்பும் அமைப்பைத் தொடங்கியது. கட்டாய ராணுவப் பணிக்கு மாற்றாக வெளிநாட்டில் ஆசிரியராகவோ தொழில்நுட்பராகவோ பணிசெய்ய 1960களின் சட்டங்கள் வழிவகுத்தன. கட்டாய ராணுவப் பணி கைவிடப்பட்ட பிறகு, 2010ஆம் ஆண்டுச் சட்டம் 16 முதல் 25 வயது வரையிலானவர்களுக்கு 'செர்விஸ் சிவிக்' என்ற குடிமைத் தொண்டைக் கொண்டுவந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள காரைக்கால் இளைஞருக்கும் இதில் சேரத் தகுதி உண்டு.

செம்மண்ணில் காடு

1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் இளைஞர்கள் தத்தம் நாட்டு மண்ணை ஒரு தாழியில் இட, ஆரோவில் தொடங்கியது. அன்று அந்த மேட்டுநிலம் மழையில் அரித்து ஓடைகளாகப் பிளந்த பொட்டல். முதலில் குடியேறியவர்கள் வரப்புக் கட்டி மழைநீரைத் தேக்கி, மரக்கன்றுகளை நட்டார்கள். பல லட்சம் மரங்கள் வளர்ந்து, இந்தக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு மீண்டும் தழைத்தது. 2003இல் அவிராம், யோரித் ரோசின் இணையர் அங்கே தொடங்கிய சாதனா காடு, குறுகிய காலத் தொண்டர்களைக் கொண்டே நடக்கிறது. குழி வெட்டுவது, கன்று சுமப்பது போன்ற வேலைக்குப் புதியவர் பொருந்துவார். அவர் சென்றபின்னும் மரம் நிற்கும்.

சுனாமியும் அதன் பாடமும்

2004 டிசம்பர் 26 அன்று தாக்கிய சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காரைக்காலில் பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு உள்ளிட்ட மீனவ ஊர்கள் நூற்றுக்கணக்கானோரை இழந்தன. நெடுங்காடு, குரும்பகரம் போன்ற உள்நாட்டு வயல் ஊர்கள் அலையிலிருந்து தப்பின. சில நாட்களில் உலகின் பல மூலைகளிலிருந்தும் தொண்டர்கள் கடலோரத்தில் குவிந்தார்கள். மீனவர்கள் கேட்காத பழைய துணிகள் சாலையோரத்தில் மலையாகக் கிடந்தன. ஒரே ஊருக்குப் பல நிறுவனங்கள் படகு கொடுத்தன. சில ஊர்களை எவரும் எட்டிப்பார்க்கவில்லை.

நாகப்பட்டினத்தில் 'சிஃப்ஸ்', 'சிநேகா' அமைப்புகள் மாவட்ட நிர்வாகத்துடன் சேர்ந்து 2005 ஜனவரி முதல் நாளே ஓர் ஒருங்கிணைப்பு மையத்தைத் திறந்தன. யாருக்கு எது தேவை என்ற பட்டியல் ஊரிலிருந்து வந்த பிறகு, வெளியாரின் உழைப்புக்கும் பொருளுக்கும் பயன் கிடைத்தது.

புலம்பெயர்ந்த தமிழர்

இலங்கை உள்நாட்டுப் போரின் 2002 போர்நிறுத்தத்துக்குப் பின், மேற்கு நாடுகளில் வளர்ந்த ஈழத்தமிழ் இளைஞர்கள் வடகிழக்கு இலங்கைக்குத் தொண்டாற்றச் சென்றனர். அவர்களுக்கு மொழியும் உறவும் கையிலிருந்தன. உறவினரைக் காண லண்டனிலிருந்து சென்ற உயிர்மருத்துவப் பட்டதாரி தமிழ்வாணி ஞானகுமார், 2009இல் வன்னியின் இறுதிப் போரில் சிக்கி, தற்காலிக மருத்துவமனையில் காயமுற்றோரைக் கவனித்தார். அங்கிருந்து தொலைபேசியில் அவர் சொன்னவை உலகச் செய்திகளாயின. போருக்குப் பின் மெனிக் முகாமில் தடுத்துவைக்கப்பட்ட அவர் செப்டம்பரில் விடுவிக்கப்பட்டார்.

விமர்சனமும் விதிகளும்

1968 ஏப்ரலில் மெக்சிகோவில் இவான் இலிச் அமெரிக்க மாணவத் தொண்டர்களின் முகத்துக்கு நேரே பேசினார்: பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவுவதாக மட்டும் வராதீர்கள் என்பது அவர் வாதம். தொண்டு ஒரு சுற்றுலாச் சரக்காக மாறியபோது அவர் அச்சம் மெய்யானது. கம்போடியாவின் குழந்தைகள் இல்லங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று குழந்தைகளுக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிருடன் இருப்பதை யுனிசெஃப் 2011இல் வெளிப்படுத்தியது. வெளிநாட்டுப் பார்வையாளரின் பணம், குழந்தைகளை வீட்டிலிருந்து இல்லத்துக்கு இழுத்தது. இரண்டு வாரம் பழகிவிட்டுப் புறப்படும் அண்ணன், அக்காக்களிடம் மாறிமாறி ஒட்டிப் பிரியும் குழந்தைக்கு அது காயம்.

இந்தியாவின் மின்-சுற்றுலா விசாவில் ஊதியமற்ற தொண்டுக்கு அதிகபட்சம் ஒரு மாதமே அனுமதி உண்டு. அதற்கு மேல் தங்கிப் பணிசெய்ய வேறு விசா வேண்டும்.

2008இல் ஜெர்மனி தொடங்கிய 'வெல்ட்வெர்ட்ஸ்' திட்டம் 18 முதல் 28 வயதுக்குள்ளோரை இந்தியா உள்ளிட்ட நாடுகளுக்கு அனுப்புகிறது. 2013இல் அதன் எதிர்த்திசையும் திறந்தது: தெற்கு நாடுகளின் இளைஞர்கள் ஜெர்மனிக்குத் தொண்டு செய்யப் போகிறார்கள். காரைக்கால் பகுதியில் வெளிநாட்டுத் தொண்டரை ஏற்கும் பள்ளியும் சங்கமும் என்ன வேலை, எத்தனை மாதம், யார் பொறுப்பில் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். குழந்தைகள் இல்லத்துக்குள் குறுகிய காலத் தொண்டரை அனுமதிக்கவே கூடாது.