ஏரிக்கரைப் பள்ளியில் செவிச் சோதனை: மதிப்பெண் எதைக் காட்டுகிறது?

ஆடியோகிராமில் எந்தக் குறையும் தெரியாத பிள்ளை, இரைச்சலான வகுப்பில் ஆசிரியர் சொன்னதைத் தவறவிடுவதுண்டு. காது ஒலியை வாங்கிவிடுகிறது. அதைப் பிரித்து, வரிசைப்படுத்தி, வேண்டாததை ஒதுக்குவதில் நரம்பு மண்டலம் தடுமாறுகிறது. இதுவே செவிவழிச் செயலாக்கக் குறைபாடு. மைசூரிலுள்ள அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் இத்துறையில் நெடுங்காலம் உழைத்திருந்தாலும், நம் கைக்கு வரும் சோதனைகளின் அடிப்படை வடிவம் ஆங்கிலத்தில் உருவானது. பொன்னேரி வட்டத்தில், பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவக் குப்பங்களின் பள்ளிகளில் அவற்றை அப்படியே நடத்தினால், வரும் மதிப்பெண் பிள்ளையின் செவியைவிட வீட்டுப் பேச்சையே காட்டும் என்பது என் வாதம்.

இரு காதுகளுக்கும் ஒரே நேரத்தில் வெவ்வேறு அசைகளைக் கேட்கச் செய்யும் சோதனையில் ப, த, க ஒலிகளோடு அவற்றின் அதிர்வுள்ள இணைகளும் வருகின்றன. தமிழ்ச் சொற்களில் இந்த அதிர்வு வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை. நம் எழுத்தும் இரண்டுக்கும் ஒரே வடிவத்தைத்தான் தருகிறது. தெலுங்கில் அது பொருளை மாற்றும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்க, எல்லையோர வீடுகளில் இரு மொழிகளும் புழங்குகின்றன. ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரு பிள்ளைகளில் தெலுங்கு வீட்டுப் பிள்ளை கூடுதல் மதிப்பெண் வாங்கினால், அதன் நரம்புகள் தேர்ந்தவை என்று பொருளாகாது. ‘பஸ்’ போன்ற கடன்சொற்கள் இந்த வேறுபாட்டைத் தமிழ்ப் பிள்ளைக்கும் பழக்கியிருக்குமே என்று கேட்கலாம். பழகியிருப்பது வேறு, இரு காதிலும் ஒலிகள் மோதும்போது நொடிக்குள் பிரித்தறிவது வேறு.

எண்களைக் கேட்கச் செய்யும் சோதனையிலும் இதே சிக்கல்தான். ஆங்கிலத்தில் பத்துக்குள் ஏழு மட்டும் ஈரசை என்பதால் அதை விலக்கிவிடுகிறார்கள். தமிழ்ப் பேச்சிலோ ஒண்ணு, ரெண்டு, மூணு என அநேகமாக எல்லாமே ஈரசை; ஒம்பதுக்கு ஓரசை கூடுதல். ஒம்பதையும் சேர்த்து எல்லாம் உகர ஒலியில் முடிவதால், சொல்லைப் பிரித்துக் காட்டும் செய்தி முன்பாதியில்தான் குவிகிறது. ஆகவே ஆங்கிலத்துக்கு வகுத்த வெட்டுப்புள்ளி இங்கே செல்லாது. ‘இரண்டு’, ‘ஐந்து’ என்று ஏட்டு வழக்கில் பதிவுசெய்து கேட்கவைப்பது இன்னும் மோசம்.

சொல்லே இல்லாத சுருதிச் சோதனைகள் போதுமா? டேவிட் மூரும் சகாக்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வு, 1469 பிரிட்டிஷ் பிள்ளைகளைச் சோதித்து, இத்தகைய சோதனைகளில் பின்தங்குவதற்குக் கவனக் குறைவே பெரும்பங்கு என்று வாதிட்டது. மொழியை விலக்கினாலும் கவனம் உள்ளே நுழைந்துவிடுகிறது.

ஆஸ்திரேலியாவின் ஷாரன் கேமரனும் ஹார்வி டிலனும் வகுத்த கழித்தல் முறை இங்கே பொருந்தும் என்று கருதுகிறேன். வாக்கியம் முன்னாலிருந்து வருகிறது. இடைஞ்சல் குரல் ஒருமுறை அதே திசையிலிருந்தும், மறுமுறை பக்கவாட்டிலிருந்தும் வருகிறது. இரு மதிப்பெண்களின் வித்தியாசமே அளவு. பிள்ளை தன்னோடுதான் ஒப்பிடப்படுவதால் மொழியும் கவனமும் பெரிதும் கழிந்துவிடும். வாக்கியங்களைக் குப்பத்துப் பேச்சிலேயே பதிவுசெய்ய வேண்டும்.

இம்முறை அளப்பது ஒரேயொரு திறனைத்தான், அதாவது திசையைக்கொண்டு குரலைப் பிரிப்பதை. அதே ஆஸ்திரேலிய ஆய்வுகள் இத்திறனின் குறையைச் சிறுவயது நடுச்செவி அழற்சியோடு இணைக்கின்றன. எனவே சோதனையோடு சேர்த்துக் கேட்கும் வினாப்பட்டியலின் முதல் கேள்வி தாயிடம் கேட்பதாக இருக்கட்டும்: பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது காதிலிருந்து சீழ் வடிந்ததா, எத்தனை முறை?