ஊரிலை எவ்விடம்?: கணக்கெடுப்பும் போரும் வகுத்த தமிழ் அடையாளம்

மொன்றியலின் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவின் சென் றெஜி வீதியில் இருக்கிறது திருமுருகன் கோயில். பூசை முடிந்து அன்னதான வரிசையில் நிற்கும்போது, முன்பின் அறியாத இருவர் பேச்சைத் தொடங்குவது “ஊரிலை எவ்விடம்?” என்றுதான். யாழ்ப்பாணம் என்றால் போதாது. வடமராட்சியா, தீவுப் பகுதியா, கரவெட்டியா, புங்குடுதீவா என்று கேள்வி இறங்கிக்கொண்டே போகும். அதற்குள் சாதி விசாரணையும் இருப்பது இருவருக்குமே தெரியும். அதே மனிதர் கனடியக் கணக்கெடுப்புப் படிவத்தில் ‘தமிழர்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார். இத்தனை ஊர்களையும் அந்த ஒரு சொல் எப்படி மேவியது?

ஆப்பிரிக்காவை ஆராய்ந்தோர் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறார்கள். ருவாண்டாவில் ஹுட்டு, துட்சி, துவா மூவரும் பேசுவது கிஞர்வாண்டா என்ற ஒரே மொழி. 1930களில் பெல்ஜிய ஆட்சி அவர்களை அடையாள அட்டையில் தனித்தனியாகப் பதிந்தது. 1994 இனப்படுகொலையின்போது வீதித் தடைகளில் அந்த அட்டையே உயிரைத் தீர்மானித்தது. இவை அரசும் சட்டமும் ஆக்கிய அரசியல் அடையாளங்கள் என்பது மஹ்மூத் மம்தானியின் வாதம்.

இலங்கைக்கு இதை அப்படியே பொருத்துவது பிழை. தமிழை ஆங்கிலேயர் உண்டாக்கவில்லை. தமிழரை எண்ணும் முறையைத்தான் உண்டாக்கினர். 1833இல் சட்டநிரூபண சபைக்குச் சிங்களவர், தமிழர், பறங்கியர் என இனத்துக்கு ஒருவரை நியமித்தனர். 1871 கணக்கெடுப்பில் பலவாக இருந்த வகைகள் 1881இல் ஏழு தலைப்புகளுக்குள் அடங்கின. 1911இல் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்ற பிரிவு வந்தது. மலையகத் தோட்டங்களில் உழைத்தவர்களை 1948இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியபோது, அந்தக் கோடு ஏற்கெனவே போடப்பட்டிருந்தது.

ஆனால் கணக்கெடுப்பு போட்ட கோட்டைப் போர் மதிக்கவில்லை. 1983 யூலையில் தமிழருக்கு எதிரான வன்முறையின்போது கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்தவர்கள் கரவெட்டியா, புங்குடுதீவா என்று கேட்கவில்லை. இலங்கைத் தமிழரா இந்தியத் தமிழரா என்றும் கேட்கவில்லை. பட்டியலில் இருந்த பெயரே போதுமாயிருந்தது. 1986 ஆகஸ்டில் நியூபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 பேரும், பின்னால் வந்தவர்களும் அகதிக் கோரிக்கையில் ‘தமிழர்’ என்ற அதே சொல்லைத்தான் சொல்லவேண்டியிருந்தது. எந்தச் சொல்லால் துரத்தப்பட்டார்களோ, அந்தச் சொல்லே அடைக்கலத்துக்கும் ஆதாரமானது. ஈழத்தமிழர் அடையாளத்தின் இறுக்கத்துக்கு, காலனியப் பதிவேட்டைவிட இந்த அனுபவமே பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன்.

போர் நினைவு இப்படி இறுகுவது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. கோயில் இருக்கும் நகரம் 1660இல் லோங் சோவில் இரோக்குவா படையோடு பொருதி மடிந்த பிரெஞ்சுப் படைத்தலைவர் டொலார்டின் பெயரைத் தாங்குகிறது. இருபதாம் நூற்றாண்டில் லியோனல் குரூல் பாதிரியார் அவரைப் பிரெஞ்சுக் கனடியரின் வீரனாக உயர்த்தினார். அவரோடு களத்தில் நின்ற ஹூரோன், அல்கொங்கின் வீரர்கள் அந்த நினைவில் பின்தள்ளப்பட்டார்கள்.

நம் நினைவும் சிலரைப் பின்தள்ளியிருக்கிறது. தமிழ் பேசும் முஸ்லிம்களான சோனகரும் இனத்தால் தமிழரே என்று 1888இல் சட்டநிரூபண சபையின் தமிழ் உறுப்பினர் பொன்னம்பலம் இராமநாதன் வாதிட்டார். 1907இல் சோனகர் தரப்பிலிருந்து ஐ.எல்.எம். அப்துல் அசீஸ் அதை மறுத்து எழுதினார். இரு தரப்பிலும் சட்டநிரூபண சபைப் பிரதிநிதித்துவம் பற்றிய கவலை இருந்தது. அதுவரை வாதமாக இருந்ததைத் துப்பாக்கி முடித்துவைத்தது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். பேசிய மொழி அவர்களைக் காக்கவில்லை. தமிழ் அடையாளம் பற்றிய எந்த ஆய்வும் இதை அடிக்குறிப்பில் ஒதுக்கினால் அது நேர்மையான ஆய்வல்ல.

யாழ்ப்பாணத்தின் சோனகத் தெருவில் பிறந்த ஒருவரை மொன்றியலில் சந்தித்து “ஊரிலை எவ்விடம்?” என்று கேட்டால், அவர் அதே யாழ்ப்பாணத் தமிழில், ஒழுங்கையின் பெயர் வரைக்கும் சொல்லுவார். படிவத்தில் அவர் எழுதுவது வேறு சொல்.