பம்பர்ஸை விடும் காலம்: படப்புத்தகமும் காணொளியும் எப்படி உதவும்?

இரண்டு வயதைக் கடந்த பிள்ளைக்கு மலசலகூடப் பழக்கம் பழக்குவது வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் வாழும் பல பெற்றோருக்குப் பெரும் தலையிடி. ஊரில் முற்றம் இருந்தது. பிள்ளை உடுப்பில்லாமல் ஓடித் திரிந்தது. அம்மம்மாவோ அப்பம்மாவோ நேரம் பார்த்துக் கால்களுக்கு நடுவில் இருத்தினார். மூத்த பிள்ளைகளைப் பார்த்துச் சின்னதும் பழகியது. மூன்றாம் மாடி வீட்டில் மாபிள் தரையும் சாத்திய கதவும்தான் உண்டு. கதவுக்குப் பின்னால் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பிள்ளைக்குத் தெரியாது.

பார்த்துப் பழகும் அந்த வாய்ப்பைப் படப்புத்தகமும் காணொளியும் ஓரளவு திருப்பித் தருகின்றன. என்ன நடக்கும் என்பதைக் காட்டுகின்றன, அதற்குச் சொற்களைக் கொடுக்கின்றன, பயத்தைக் குறைக்கின்றன. ஆனால் பக்கத்தில் இருந்து கதைக்கும் ஆள் இல்லாவிட்டால் இரண்டாலும் பெரிய பயன் இல்லை.

எப்போது தொடங்கலாம்?

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ரி. பெரி பிரேசல்டன், தான் கவனித்துவந்த 1,170 பிள்ளைகளைப் பற்றி 1962இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வயதைப் பார்த்து அவசரப்படுத்தாமல், பிள்ளை ஆயத்தமாகும் வரை காத்திருந்து தொடங்கும் முறையை அது முன்வைத்தது. அந்தப் பிள்ளைகள் பகல் நேரக் கட்டுப்பாட்டைச் சராசரியாக 28 மாதங்களை அண்மித்தே பெற்றிருந்தார்கள். இன்றும் பெரும்பாலான வைத்தியர்கள் இந்த வழியையே பரிந்துரைக்கிறார்கள்.

ஆயத்தம் என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. இரண்டு மணித்தியாலமாவது பம்பர்ஸ் நனையாமல் இருப்பது, நனைந்ததும் சிணுங்குவது, காற்சட்டையைத் தானே இழுத்துக் கழற்றப் பார்ப்பது, "செருப்பை எடுத்து வா" போன்ற சின்னச் சொல்லைக் கேட்டுச் செய்வது. முன்பள்ளியில் கேட்கிறார்கள் என்பதற்காக ஒரு வாரத்தில் பழக்கிவிட முயன்றால் அடமும் மலச்சிக்கலும்தான் மிஞ்சக்கூடும். புத்தகத்தை இதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே அறிமுகப்படுத்தலாம். படம் பார்க்க ஆயத்தம் தேவையில்லை.

பெற்றோரின் பயம் பிள்ளைக்கு வரக்கூடாது

2009இல் எட்டு, பத்து வயதில் வன்னியிலிருந்து வெளியேறி மெனிக் பாம் முகாமில் இருந்தவர்கள் பலர் இன்று தாயும் தந்தையுமாக இருக்கிறார்கள். மலசலகூட வரிசை, இருட்டில் வெளியே போகும் பயம், மறைப்பில்லாத இடத்தின் வெட்கம், அடக்கிக்கொண்டு படுத்த இரவுகள் எல்லாம் அவர்கள் மனதில் இருக்கும். சிலருக்குப் பிள்ளை தரையை நனைத்தவுடன் காரணம் புரியாமல் கோபம் பொங்கும். சிலர் நாற்றம், அழுக்கு என்று முகத்தைச் சுளிப்பார்கள். இரண்டு வயதுப் பிள்ளை அந்த முகத்தைத்தான் வாசிக்கிறது. வாசித்துவிட்டுக் கதிரைக்குப் பின்னால் ஒளிந்திருந்து போகப் பழகுகிறது.

இந்த இடத்தில் புத்தகம் பெற்றோருக்கும் உதவும். படத்தில் இருக்கும் பிள்ளையைப் பற்றி அமைதியாகக் கதைத்துப் பழகினால், சொந்தப் பிள்ளையுடன் அமைதியாகக் கதைப்பதும் இலகுவாகும்.

இத்துறையில் உலகப் புகழ் பெற்ற புத்தகம் ஒன்றை எழுதியவரே யுத்தத்தில் அகப்பட்ட ஒரு குழந்தைதான். அலோனா பிராங்கல் 1937இல் போலந்தின் கிராக்கோவில் பிறந்த யூதப் பெண். நாசிகளிடமிருந்து ஒளிந்து உயிர் தப்பி, 1949இல் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார். தன் மகனுக்காக அவர் வரைந்து எழுதிய சின்னப் படப்புத்தகம் 1975இல் ஹீப்ரு மொழியில் வெளிவந்தது. ஆங்கிலத்தில் 'வன்ஸ் அப்போன் எ பொட்டி' என்ற பெயரில் பரவியது. உடம்பின் பாகங்களையும் அவற்றின் வேலையையும் வெட்கமில்லாமல் சொல்வதும், பிள்ளை பலமுறை தவறவிட்ட பிறகே பழகுவதாகக் காட்டுவதும் அதன் பலம். யப்பானியர் தாரோ கோமியின் 'எவ்ரிவன் பூப்ஸ்' 1977இல் வந்தது. யானை முதல் எறும்பு வரை உண்ணும் உயிர்கள் எல்லாமே கழிக்கின்றன என்ற ஒரே செய்திதான் அதில். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள்.

வீட்டிலேயே ஒரு புத்தகம்

ஆங்கிலப் புத்தகங்களில் கொமட்டும் கடதாசியும்தான் இருக்கும். எங்கள் வீடுகளில் வாளியும் கோப்பையும் தண்ணீரும். சில வீடுகளில் குந்தும் மலசலகூடம். படத்துக்கும் வீட்டுக்கும் பொருத்தமில்லாவிட்டால் பிள்ளை குழம்பும். அதனால் எட்டுப் பக்கத்தில் நீங்களே ஒரு புத்தகம் செய்வது நல்லது. கொப்பித் தாளை மடித்துத் தைத்தால் போதும். படம் அழகாக இருக்கவேண்டியதில்லை.

1. பிள்ளை விளையாடுகிறது. வயிறு முட்டுகிறது.
2. "அம்மா, வருது" என்று கூப்பிடுகிறது.
3. காற்சட்டையைக் கழற்றுகிறது.
4. பொட்டியில் இருக்கிறது. இரண்டு காலும் தரையில்.
5. சில நேரம் வரும், சில நேரம் வராது.
6. அம்மா தண்ணீரால் கழுவிவிடுகிறார்.
7. பொட்டியில் இருப்பதைக் கொமட்டில் ஊற்றித் தண்ணீர் அடிக்கிறார்.
8. இருவரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுகிறார்கள்.

உங்கள் வீட்டில் ஒண்டுக்கு, சலம், கக்கா என்று எந்தச் சொல் புழங்குகிறதோ அதையே எழுதுங்கள். அப்பா ஒரு சொல்லும் அம்மம்மா இன்னொரு சொல்லும் பாவித்தால் பிள்ளைக்குச் சிரமம். வீட்டார் கூடி ஒன்றைத் தீர்மானிக்கலாம். உங்கள் பிள்ளையின் உடுப்பில்லாத படத்தை அதில் ஒட்டாதீர்கள். பொட்டி, வாளி, சவர்க்காரம் ஆகியவற்றின் படங்களே போதும்.

வாசிக்கும் பழக்கத்துக்குப் பொதுவான தமிழ்ப் படக்கதைகளும் உதவும். இந்தியாவின் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்ச் சிறுவர் கதைகளை இலவசமாகத் தரவிறக்கலாம். கொழும்புப் பொது நூலகத்தின் சிறுவர் பகுதியிலும் தேடிப் பார்க்கலாம்.

காணொளியை எப்படிப் பாவிப்பது?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரை உகந்ததல்ல. இரண்டு வயது முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கூடாது. குறைவாக இருப்பது இன்னும் நல்லது. எனவே மூன்று நான்கு நிமிடக் காணொளி ஒன்றைத் தெரிந்து, பிள்ளையை மடியில் வைத்துப் பாருங்கள். இடையில் நிறுத்தி, "அவை கடதாசியால துடைக்கினம், நாங்கள் தண்ணியால கழுவுறம்" என்று சொல்லுங்கள். திரையில் காண்பதை இவ்வளவு சிறிய பிள்ளை தானாக வீட்டு வாழ்க்கையோடு இணைத்துக்கொள்வது கடினம்.

'செசமி' நிறுவனம் 2006இல் எல்மோ என்ற பொம்மையை வைத்துப் பொட்டிப் பழக்கத்துக்கென்றே ஒரு காணொளி வெளியிட்டது. பின்னர் பங்களாதேஷ், இந்தியா, நைஜீரியா ஆகிய நாடுகளின் சுகாதாரப் பரப்புரைக்காக ராயா என்ற சிறுமிப் பொம்மையை உருவாக்கியது. மலசலகூடத்துக்குச் செருப்புப் போட்டுப் போவதும் கை கழுவுவதும் ராயா சொல்லும் பாடங்கள். வெளி மலசலகூடம் உள்ள வீடுகளுக்கு இது கூடுதலாகப் பொருந்தும்.

யூரியூப்பில் அடுத்த காணொளி தானாக ஓடுவதை நிறுத்திவையுங்கள். பொட்டியில் இருக்கும்போது கைப்பேசியைக் கொடுக்காதீர்கள். கவனம் திரையில் போனால் பிள்ளை தன் வயிற்றின் அறிகுறியைக் கவனிக்காது. ஐந்து நிமிடத்தில் வராவிட்டால் எழுப்பிவிடுங்கள். பொட்டியில் இருக்கும் பிள்ளையைப் படமெடுத்துக் கனடாவிலோ இலண்டனிலோ உள்ள உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதையும் தவிருங்கள். ஒருமுறை அனுப்பிய படம் எங்கே போய்ச் சேரும் என்று எவராலும் சொல்ல முடியாது.

தவறினால்

தவறுவது இயல்பு. "பரவாயில்லை குஞ்சு, அடுத்தமுறை பொட்டியில போவம்" என்று சொல்லி உடுப்பை மாற்றுங்கள். அடிப்பதும் மற்றவர்கள் முன் கேலி செய்வதும் பிள்ளையை அடக்கவே பழக்கும். கொமட்டில் இருத்தினால் கால் தொங்காதபடி சின்ன முக்காலி வையுங்கள். கால் ஊன்றினால்தான் முக்க முடியும். தண்ணீர் அடிக்கும் சத்தத்துக்குப் பயந்தால் பிள்ளை வெளியே வந்த பிறகு அடியுங்கள்.

புதிய குழந்தை பிறந்தாலோ, வீடு மாறினாலோ, அப்பா வெளிநாடு போனாலோ பழகிய பிள்ளையும் மறுபடி நனைக்கலாம். அந்த நேரம் பழைய புத்தகத்தை மீண்டும் எடுத்து வாசியுங்கள். இரவில் நனைப்பது ஐந்து வயது வரை சாதாரணம்.

மலம் கல்லாக இறுகிப் பிள்ளை வலியில் அழுதால், மலத்தில் இரத்தம் கண்டால், சிறுநீர் கழிக்கும்போது எரிவு இருந்தால் வைத்தியரிடம் காட்டவேண்டும். நன்றாகப் பழகிய பிள்ளை திடீரென அடிக்கடி நனைத்து, அளவுக்கு மீறித் தண்ணீரும் கேட்டால் தாமதிக்காதீர்கள். அது நீரிழிவின் அறிகுறியாகவும் இருக்கலாம். நான்கு வயதாகியும் பகலில் பழகாவிட்டால், உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடமோ கிளினிக்கிலோ பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டுடன் போய்க் கதையுங்கள். அது வெட்கப்பட வேண்டிய விடயமல்ல. அவர்கள் நாளாந்தம் கேட்கும் கேள்விதான்.