இசைத்தட்டின் திறவுகோல்

காற்றிலே பிறந்து காற்றிலே கரைந்துவிடும் குரலை ஒரு பொருளின்மீது பொறித்து வைக்கலாம் என்பதை 1877ஆம் ஆண்டில் தாமஸ் ஆல்வா எடிசன் உலகிற்கு மெய்ப்பித்துக் காட்டினார். பத்து ஆண்டுகளுக்குப் பின்னர், 1887இல் எமில் பெர்லினர் உருளையை விடுத்துத் தட்டையான தட்டில் ஒலியைப் பதிக்கும் முறையைக் கண்டார். அன்று தொடங்கிய இசைத்தட்டின் வரலாற்றில் பாடகருக்கும் ஊசிக்கும் ஒலிபெருக்கிக்கும் இடமுண்டு. ஆனால், ஊசிக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே அமைதியாக நின்று தொண்டாற்றும் முன்பெருக்கி என்னும் சிறு கருவியை நினைப்பவர் சிலரே. அக்கருவியின்றேல் தட்டிலுள்ள குரல் தன் உண்மை வடிவில் வெளிவருவதில்லை.

இதன் காரணத்தை அறியத் தட்டின் பள்ளத்தை நோக்க வேண்டும். 1925ஆம் ஆண்டில் மின்முறை ஒலிப்பதிவு வழக்கிற்கு வந்தது. தாழ்ந்த ஒலிகள் பள்ளம் வெட்டும் ஊசியை அகல அசைக்கும் இயல்பின. அவற்றை அப்படியே பதித்தால் ஒரு பள்ளம் அடுத்த பள்ளத்தின் சுவரை உடைத்துவிடும். உயர்ந்த ஒலிகளின் அசைவோ மிக நுண்ணியது. தட்டின் இரைச்சலில் அது மூழ்கிவிடும். எனவே, பதிக்கும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைக்கலாயினர். பின்னர் உயர்ந்த ஒலிகளை மிகுத்துப் பதிக்கும் வழக்கமும் பரவியது. மீண்டும் இசைக்கும்போது குறைத்ததைக் கூட்டியும் மிகுத்ததைத் தணித்தும் சரிசெய்ய வேண்டும். பட்டுச் சேலையை மடித்துப் பெட்டியில் வைப்பவர், உடுக்கும்போது அதே மடிப்பின் வழியே விரிப்பது போன்றது இது.

ஆனால், மடிப்பு எத்தனை என்பதில் உடன்பாடு இருக்கவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அளவை வைத்துக்கொண்டது. 1948இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்திற்கு முப்பத்து மூன்றேகால் அல்ல, முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் சுழலும் நெடுநேரத் தட்டை அறிமுகப்படுத்தியது. மறு ஆண்டு ஆர்.சி.ஏ. நிறுவனம் 45 சுழற்சித் தட்டை வெளியிட்டது. தட்டுகள் பெருகின, குழப்பமும் பெருகியது. அக்கால முன்பெருக்கிகளை வாங்கியவர்கள் ஒவ்வொரு தட்டிற்கும் ஏற்பப் பொத்தானை அழுத்தியோ திருகியைத் திருப்பியோ கேட்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் பீட்டர் வாக்கரின் தொழிலகம் 1953இல் வெளியிட்ட குவாட் முன்பெருக்கியில் இதற்கென்றே பொத்தான்கள் அமைந்திருந்தன. இசை கேட்பவர் ஓரளவு பொறியியலாளராகவும் இருக்க வேண்டிய காலம் அது.

இந்நிலையை மாற்றியது ஓர் உடன்படிக்கை. 1954இல் ஆர்.ஐ.ஏ.ஏ. எனப்படும் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழிற்கழகம் பொது அளவு ஒன்றினை ஏற்றது. 50, 500, 2122 ஹெர்ட்ஸ் ஆகிய மூன்று அதிர்வெண்கள் அதன் திருப்பு முனைகள். கேட்கும்போது 20 ஹெர்ட்ஸ் ஒலி, 20,000 ஹெர்ட்ஸ் ஒலியைக் காட்டிலும் ஏறத்தாழ 90 மடங்கு மிகுதியாகப் பெருக்கப்படுகிறது. பிற நாடுகளும் நாளடைவில் இவ்வளவைத் தழுவின. போட்டியிட்டு நின்ற வணிகர்கள் ஒரே திறவுகோலுக்கு உடன்பட்டமை இசை வரலாற்றில் சிறு நிகழ்ச்சி அன்று.

முன்பெருக்கிக்கு வேறொரு கடமையும் உண்டு. காந்த ஊசித்தலை தருவது சுமார் 5 மில்லிவோல்ட் மின்னழுத்தமே. சுருள் அசையும் வகையில் அதனினும் குறைவு. அதனை நூறு மடங்கும் அதற்கு மேலும் பெருக்கும்போது, வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஓசையும் உடன் பெருகி, வண்டின் ரீங்காரமாய் ஒலிக்கும். ஆதலின், மின்மாற்றியை விட்டுக் கருவியைத் தள்ளி வைப்பதும் நிலக்கம்பியைச் செம்மையாகப் பிணைப்பதும் அதனை உடையவர்கள் பட்டறிவால் கற்ற பாடங்களாயின. வடிவமைத்தோரும் தவறாமல் இருக்கவில்லை. 1979இல் ஸ்டான்லி லிப்ஷிட்ஸ் என்னும் அறிஞர், அச்சில் வெளிவந்த சுற்றமைப்புகள் பலவற்றில் கணக்குப் பிழை உண்டெனச் சுட்டிக்காட்டிச் சரியான சூத்திரங்களை வகுத்தளித்தார்.

1982இல் குறுந்தட்டு வந்தது. காலப்போக்கில் பெருக்கிகளிலிருந்து இசைத்தட்டுக்கான வாயில் நீக்கப்பட்டது. தட்டுகளைக் கைவிடாதவர்கள் முன்பெருக்கியைத் தனிப் பெட்டியாக வாங்கினர். காலம் மீண்டும் திரும்பியது. 2022இல் அமெரிக்காவில் இசைத்தட்டுகள் 4 கோடியே 10 இலட்சம் விற்க, குறுந்தட்டுகள் 3 கோடியே 30 இலட்சமே விற்றன. 1987க்குப் பின்னர் எண்ணிக்கையில் இசைத்தட்டு முந்தியது அதுவே முதன்முறை.

இவ்வரலாறு தமிழருக்கு ஏன் வேண்டும் என வினவலாம். எஸ். ஜி. கிட்டப்பா 1933இல் மறைந்தார். அவர் குரல் ஏறிய தட்டுகள் யாவும் 1954ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கு இருபது ஆண்டுகளேனும் முற்பட்டவை. அக்காலத்துத் தட்டுகளில் உயர்ந்த ஒலிகள் இன்றைய அளவிற்கு மிகுத்துப் பதிக்கப்படவில்லை. அவற்றை இன்றைய முன்பெருக்கியில் அப்படியே இசைத்தால், மிகுக்கப்படாத ஒலியையும் கருவி தணித்துவிடும். அடிக்குரல் தடித்து, உச்சத்தில் ஒளிர்ந்த குரல் மங்கிவிடும். அந்த மங்கலே கணினியில் படியெடுக்கப்பட்டால், வருங்காலத்தவர் அதனையே கிட்டப்பாவின் குரலென்று நம்புவர். பழைய தட்டுகளைக் காக்க முனைவோர், தட்டு பிறந்த ஆண்டையும் நிறுவனத்தையும் அறிந்து, அதற்குரிய அளவைத் தேர்ந்த பின்னரே படியெடுத்தல் வேண்டும்.

ஏட்டுச்சுவடியைப் பதிப்பித்தோர் பாடபேதம் நோக்கியே பதிப்பித்தனர். இசைத்தட்டும் ஒரு சுவடியே. பெட்டியைக் காத்தவர் கடமை அத்துடன் முடிவதில்லை. அதற்குரிய திறவுகோலையும் காத்தல் வேண்டும்.