கொய்ங்ங்ங்!

காரில் புதிதாக ஆம்ப்ளிஃபயர் மாட்டியிருக்கிறீர்கள். இளையராஜாவைப் போட்டுவிட்டு ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறீர்கள். பாட்டுக்குப் பின்னால் கொசு மாதிரி ஒரு 'கொய்ங்'. மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறுகிறது. காலை எடுத்தால் இறங்குகிறது. ஸ்பீக்கரை மாற்று என்று யாராவது சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். இது தொண்ணூறு வருஷத்துக்கும் மேலாக நடக்கிற சண்டை. ஸ்பீக்கர் பாவம், அதற்குச் சம்பந்தமே இல்லை.

1928-ல் சிகாகோவில் பால் கால்வின் என்பவர் ஒரு கம்பெனி ஆரம்பித்தார். கையில் 565 டாலர். ஐந்து ஊழியர்கள். மறு வருஷமே அமெரிக்கப் பங்குச் சந்தை படுத்துவிட்டது. வீட்டு ரேடியோக்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். காருக்கு ரேடியோ செய்தால் ஒருவேளை பிழைக்கலாம் என்று தோன்றியது கால்வினுக்கு.

ஏற்கெனவே சிலர் முயன்று பார்த்ததுதான். ஆனால் இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் பாட்டு காணாமல் போய்விடும். பொரி வறுக்கிற சத்தம்தான் மிஞ்சும்.

ஏன்? 1887 வாக்கில் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்ட்ஸ், ரேடியோ அலையை எப்படி உண்டாக்கினார் தெரியுமா? சின்ன இடைவெளியில் மின்பொறியைத் தாவவிட்டு. மார்க்கோனி செய்தி அனுப்பியதும் அதே பொறியை வைத்துத்தான். பெட்ரோல் காரின் ஸ்பார்க் ப்ளக் செய்வதும் அதேதானே? ஆக, ஒவ்வொரு ப்ளக்கும் ஒரு குட்டி ரேடியோ நிலையம்! போதாக்குறைக்கு டைனமோவுக்குள்ளும் பொறி பறக்கும். பட்டாசுக் கடைக்குள் வீணைக் கச்சேரி வைத்த கதை.

கால்வினுக்குத் துணை நின்றவர்களில் இரண்டு பேர் முக்கியம். ஒருவர் வில்லியம் லியர். பின்னாளில் லியர்ஜெட் விமானம் செய்த அதே லியர். இன்னொருவர் எல்மர் வேவரிங். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடி அடக்கினார்கள். ப்ளக் ஒயரில் ரெசிஸ்டர், டைனமோவில் கண்டன்சர்.

1930 ஜூன் மாதம் அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ தயாரிப்பாளர் மாநாடு. கால்வின் தன் ஸ்டூடிபேக்கர் காரிலேயே ரேடியோவை மாட்டி, 800 மைலுக்குமேல் ஓட்டிக்கொண்டு போனார். உள்ளே ஸ்டால் போடப் பணமில்லை. வெளியே காரை நிறுத்திச் சத்தமாகப் பாடவிட்டார். ஆர்டர் வந்தது. அந்த ரேடியோவுக்கு வைத்த பெயர், மோட்டோரோலா.

(கடன் கேட்பதற்கு முன் ஒரு வங்கிக்காரரின் காரில் ரேடியோ மாட்டிக்கொடுத்ததாகவும், அரைமணியில் கார் தீப்பிடித்துக்கொண்டதாகவும் ஒரு கதை உண்டு. கடன் கிடைத்திருக்குமா என்று கேட்காதீர்கள்.)

வேடிக்கை இனிமேல்தான். டைனமோவின் வாயை அடைத்த அதே வேவரிங்தான் பிற்பாடு மோட்டோரோலாவில் கார் ஆல்டர்னேட்டர் உருவாவதற்கும் முன்னின்றார். 1960-களில் டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. உங்கள் 'கொய்ங்' அதன் குரல்தான்!

ஆல்டர்னேட்டர் தரும் கரண்ட் முழுக்கச் சமதளமாக இருக்காது. மெல்லிய அலை மிச்சமிருக்கும். இன்ஜின் வேகம் கூடினால் அலையின் சுருதியும் கூடும். ஸ்டீரியோவுக்கு ஓரிடத்தில் எர்த், ஆம்ப்ளிஃபயருக்கு டிக்கியில் வேறிடத்தில் எர்த் என்றால் இரண்டுக்கும் நடுவே சிறிய வோல்டேஜ் வித்தியாசம் வரும். அது பாட்டு வருகிற ஆர்சிஏ ஒயர் வழியாக நுழையும். ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டென்றும் இரைச்சலென்றும் பேதம் தெரியுமா? இரண்டையும் பெருக்கித் தள்ளும்.

ஆம்ப்பை அணைத்து, அதிலிருந்து ஆர்சிஏ ஒயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி போடுங்கள். சத்தம் நின்றதா? ஆம்ப் நிரபராதி. எர்த் ஒயரைப் பாருங்கள். பெயின்ட்டின் மேலேயே திருகியிருப்பார்கள். சுரண்டி, பளபளக்கும் தகட்டில் இறுக்குங்கள். ஒயர் குட்டையாக, பேட்டரி ஒயரின் தடிமனில் இருக்கட்டும். பேட்டரி ஒயர் காரின் ஒரு பக்கம், ஆர்சிஏ மறுபக்கம் போகவேண்டும். பாதிக்குமேல் கேஸ்கள் இதிலேயே தீர்ந்துவிடும் என்பது என் கணக்கு.

ஏறி இறங்காமல் 'உஸ்ஸ்' என்று ஒரே சீராக வந்தால் அது ஆல்டர்னேட்டர் இல்லை. ஆம்ப்பில் கெயின் என்றொரு திருகு இருக்கும். முழுக்க முறுக்கி வைத்திருப்பார்கள். கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்.